பட்டறைப் பெண்ணுக்கு ஒரு கால்சட்டை

கோவையைச் சேர்ந்த இருசக்கர வாகன மெக்கானிக் ஒருவர் எழுதிய கடிதத்தை முதலில் வைத்து, அதே பொருளைத் தொட்டு வந்த வேறு சில கடிதங்களையும் இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். இருவர் தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், எல்லோரையும் ஊர்ப் பெயரைக் கொண்டே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: பதினொரு ஆண்டுகளாக இருசக்கர வாகனப் பட்டறை நடத்திவருகிறேன். முதலில் சுடிதார் அணிந்துதான் வேலை பார்த்தேன். ஒருநாள் சுழன்றுகொண்டிருந்த பின்சக்கரத்தின் செயினில் துப்பட்டாவின் முனை மாட்டி இழுத்ததிலிருந்து தம்பியின் பழைய பேன்ட்டுகளுக்கு மாறிவிட்டேன். அவை இடுப்பில் நிற்பதில்லை, பின்புறம் ஆசனத்தில் பிடிக்கின்றன, காலில் நீளம். என்னைப் போலப் பட்டறையிலும் கட்டட வேலையிலும் இருக்கிற பெண்களுக்காக, மெக்கானிக், எலக்ட்ரீஷியன், வெல்டர், ஓட்டுநர் எல்லோருக்கும் பொருந்தும் வேலையுடைகளைத் தைத்து விற்க விரும்புகிறேன். கையில் மூன்று லட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. பெயரும் சின்னமும் தயார். அடுத்து நான் என்ன செய்ய வேண்டும்?
(வாசகி, கணபதி, கோவை)

பதில்: அன்புச் சகோதரி, கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த மூன்று புகைப்படங்களையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து ஆண்டுகள் கட்டிங் மேசையருகே நின்றவளுக்குக் கடிதத்தைவிடக் கிழிசல்தான் அதிகம் பேசும். பெல்ட்டுக்குப் பதிலாகப் பழைய ட்யூபை நாடாவாக வெட்டி இடுப்பில் கட்டியிருக்கிறீர்கள். இடது காலை மூன்று சுற்று மடித்துவிட்டிருக்கிறீர்கள். அந்த மடிப்பு எதிலோ மாட்டிக் கிழிந்த இடத்தில் வேறு நிற நூலால் ஓட்டுத்தையல் போடப்பட்டிருக்கிறது. வலது தொடையில் ஊசியால் குத்தியதுபோலப் பொடிப்பொடியாக ஓட்டைகள் தெரிகின்றன. அவை பேட்டரி அமிலத்தின் வேலை என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பெயரும் சின்னமும் இப்போதைக்குப் பெட்டியில் இருக்கட்டும். எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும் உடை என்ற எண்ணத்தையும் அவற்றோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அந்த ஓட்டைகளே அதற்குக் காரணம் சொல்கின்றன. பருத்தி நார் அமிலத்தைத் தாங்காது. துளி தெறித்த அன்று ஒன்றும் தெரியாமல் இருந்து, துவைத்த பிறகு அந்த இடம் பொத்துப்போகும். பாலியெஸ்டர் ஓரளவு தாங்கும் என்பதால், மெக்கானிக்குக்கு 65 பங்கு பாலியெஸ்டரும் 35 பங்கு பருத்தியும் கலந்த துணி நல்லது. அதே துணியை வெல்டிங் செய்யும் பெண்ணுக்குக் கொடுத்தால் கேடு. பொறி பட்டால் பருத்தி கருகும், ஆனால் பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு முழுப் பருத்திதான் வேண்டும். ஆக, உங்கள் இரண்டு வாடிக்கையாளர்களுக்கும் ஒரே துணியை வெட்ட முடியாது என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிடுகிறது. பெட்ரோல் புழங்கும் பட்டறையில் பாலியெஸ்டர் சரியா என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம், நியாயமான கேள்விதான். எந்தத் துணியாக இருந்தாலும் பெட்ரோல் நனைந்த உடையோடு வேலையைத் தொடராமல் உடனே மாற்றிவிடுவது ஒன்றே அதற்கு வழி.

ஆகவே உங்கள் தொழிலுக்கான ஒரே ஒரு கால்சட்டையோடு தொடங்குங்கள். பதினொரு ஆண்டுகளாக உங்கள் உடம்பு அறிந்துவைத்திருப்பது அந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் கேள்விப்பட்ட அறிவு.

இனி அளவுக்கு வருவோம். தம்பியின் பேன்ட் இடுப்பில் தொளதொளத்து ஆசனத்தில் பிடிப்பது துணியின் குற்றமன்று. ஆண்களுக்கான பேட்டர்னில், அதாவது துணியை வெட்ட வைக்கும் அச்சு வடிவில், இடுப்புச் சுற்றுக்கும் ஆசனச் சுற்றுக்கும் நான்கைந்து அங்குல வித்தியாசம்தான் வைப்பார்கள். பெண்களிடம் அது எட்டு, பத்து அங்குலம் வரை இருப்பது சாதாரணம். ஆண்கள் பேன்ட்டையே சின்னதாக்கிப் பெண்கள் பேன்ட் என்று சீட்டு ஒட்டினால் எல்லா இடத்திலும் சின்னதாகுமே தவிர, வித்தியாசம் மாறாது. எனவே ஒவ்வொரு இடுப்பளவுக்கும் இரண்டு ஆசன அளவுகளாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு வேலையுடைகளைப் பார்த்து வரைபவர்கள் அதைக் கவனிப்பதில்லை. அங்கே வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி நின்றுகொண்டோ, ஒரு முழங்காலை ஊன்றியோ வேலை பார்க்கிறார்கள். நம் பட்டறைகளில் பாதி நேரம் குத்துக்காலிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறோம். அப்படி உட்காரும்போது பின்பக்க இடுப்புப் பட்டி கீழே இறங்கும், கவட்டைத் தையல் இழுபடும், முழங்கால் துணி இறுகும். பின்பக்க ஆசன உயரத்தை முன்பக்கத்தைவிடக் கூட்டிவையுங்கள். கவட்டையில் நான்கு தையல்களும் ஒரே புள்ளியில் சந்திக்காதபடி வைர வடிவத் துண்டு ஒன்றை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கஸெட் என்றால் கட்டிங் மாஸ்டருக்குப் புரியும். மாதிரி தைத்து வந்ததும் கண்ணாடி முன் நிற்காதீர்கள். ஒரு வண்டியின் எஞ்சின் ஆயிலை இறக்குவதற்கு எப்படி உட்காருவீர்களோ, அப்படிப் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். சட்டையைக் கீழே இழுத்துவிடக் கை ஒருமுறையாவது பின்னால் போயிருந்தால் பேட்டர்னைத் திருத்த வேண்டும்.

பித்தளைப் பித்தான் பார்க்க அழகாக இருக்கும். பெட்ரோல் டேங்கின் மேல் சாய்ந்தால் பெயின்ட்டில் கோடு விழும். பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே பட்டால் பொறி பறக்கும். ஆகவே பித்தானையும் ஜிப்பையும் துணிப்பட்டிக்குள் மறைத்துவிடுங்கள். கைபேசிக்குப் பின்பாக்கெட் வேண்டாம், குத்துக்காலிட்டால் விழுந்துவிடும். தொடையின் வெளிப்பக்கத்தில், முழங்காலுக்கு மேலே, மூடி வைத்த பாக்கெட் ஒன்று போதும். ஸ்பேனர் செருகும் பாக்கெட்டின் அடிப்பகுதிக்கு இரட்டைத் துணி கொடுங்கள். முனை குத்திக் குத்தி அங்கேதான் முதலில் பொத்துப்போகும். நிறம் கருநீலமோ அடர்சாம்பலோ இருக்கட்டும். கிரீஸுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மாதவிலக்கு நாட்களில் வெளிர்நிறக் கால்சட்டையோடு ஆண்கள் நிறைந்த பட்டறையில் குனிந்து நிமிர்வதன் அவஸ்தை நமக்குத்தான் தெரியும்.

துணி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் அங்கே ஓடாதீர்கள். அது பின்னலாடை ஊர். உங்களுக்கு வேண்டியது நெய்த துணி. ஈரோட்டு மொத்தக் கடைகளில் டிரில் என்றோ ட்வில் என்றோ கேளுங்கள். சதுர மீட்டருக்கு 240 முதல் 260 கிராம் எடையுள்ளது நம் வெயிலுக்கும் உழைப்புக்கும் நடுவாக நிற்கும். வெட்டுவதற்கு முன் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைத் துணியில் மார்க்கரால் வரைந்து மூன்று முறை துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்திருந்தால் அது மூன்று சதவீதச் சுருக்கம்; நாற்பது அங்குலக் காலில் ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலம் போய்விடும். முறையான சோதனைச் சான்று வேண்டுமென்றால் உங்கள் ஊரிலேயே சிட்ரா இருக்கிறது. 1956இல் தொடங்கிய ஜவுளி ஆராய்ச்சி நிலையம் அது. துணியின் எடை, சுருக்கம், சாயம் போகுமா என்பதையெல்லாம் அங்கே சோதித்துக்கொள்ளலாம்.

முதலில் இருபது கால்சட்டைகளுக்கு மேல் தைக்காதீர்கள். அவற்றைப் பத்துப் பெண் மெக்கானிக்குகளுக்கு ஆளுக்கு இரண்டாகக் கொடுத்து, மூன்று மாதம் மாற்றி மாற்றி உடுத்தச் சொல்லுங்கள். இலவசமாகக் கொடுக்க வேண்டாம், பாதி விலையாவது வாங்குங்கள். காசு கொடுத்தவள்தான் குறை சொல்வாள். மூன்று மாதம் முடிந்ததும் அந்த இருபதையும் திரும்ப வாங்கி மேசையில் விரித்து, எந்தத் தையல் விட்டிருக்கிறது, எந்த இடம் வெளுத்திருக்கிறது என்று பாருங்கள். உங்கள் மூன்று லட்சத்தில் இதற்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் செலவாகாது. மீதியை அதுவரை தொட வேண்டாம்.

கேள்வி: வீட்டில் ஒற்றை மெஷின் வைத்து ரவிக்கையும் சுடிதாரும் தைக்கிறேன். இப்படிப்பட்ட வேலையுடைகளை ஜாப் ஒர்க்காக எடுத்துச் செய்ய முடியுமா?
(வாசகி, பெருந்துறை)

பதில்: மாதிரி தைக்க முடியும், மொத்தமாகத் தைக்கச் சிரமப்படுவீர்கள். வேலையுடையின் உயிர் அதன் உள்தையலில் இருக்கிறது. ஜீன்ஸ் பேன்ட்டின் காலைத் திருப்பிப் பார்த்தால், துணியின் இரண்டு ஓரங்களும் ஒன்றுக்குள் ஒன்று மடங்கி, மேலே இரட்டைத் தையல் ஓடியிருக்கும். ஓரம் வெளியே தெரியாததால் பிசிறு விடாது, இழுத்தாலும் பிரியாது. அதை ஒற்றை ஊசி மெஷினில் மடித்து மடித்துப் போடலாம். ஆனால் ஒரு காலுக்கு ஆகும் நேரத்தில் இரண்டு ரவிக்கை தைத்துவிடலாம். பெரிய யூனிட்டுகளில் இதற்கென்றே ஃபீட் ஆஃப் ஆர்ம் மெஷினும், பாக்கெட் மூலைகளைப் பூட்டுவதற்குப் பார்டாக் மெஷினும் வைத்திருப்பார்கள். நீங்கள் இப்போதே அவற்றை வாங்கிக் கடனில் மாட்டிக்கொள்ள வேண்டாம். கனத்த துணிக்கேற்ற 16ஆம் நம்பர் ஊசியும் பாலியெஸ்டர் நூலும் போட்டு மாதிரிகளை நீங்கள் தையுங்கள். பார்டாக்கை மட்டும் உருப்படிக்கு இவ்வளவு என்று வெளியே கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கோவைச் சகோதரிக்கு இருபது கால்சட்டை தைக்க ஆள் வேண்டும். நீங்கள் இருவரும் சம்மதித்தால், இதழின் முகவரிக்கு எழுதுங்கள்; ஒருவர் கடிதத்தை மற்றவருக்குச் சேர்ப்பிக்கிறேன்.

கேள்வி: என் மகள் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பை முடித்து ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அங்கே கொடுக்கும் உடை கழுத்திலிருந்து கால்வரை ஒரே துண்டாக இருக்கும் ஓவரால். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் முழுவதும் கழற்ற வேண்டியிருப்பதால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். இதற்கு மாற்று இல்லையா?
(ஒரு தந்தை, ஓசூர்)

பதில்: ஐயா, உங்கள் மகளின் அவஸ்தை அவளுக்கு மட்டும் உரியதன்று. கனடாவில் சட்பரி என்ற சுரங்க நகரத்தில் அலிசியா வுட்ஸ் என்பவர் சுரங்கத்துக்குள் இறங்கும் வேலையில் இருந்தபோது இதே சங்கடத்துக்கு ஆளாகி, பின்பக்கத்தில் மட்டும் திறந்துகொள்ளும்படி ஜிப் வைத்த ஓவராலை உருவாக்கி, கவர்கால்ஸ் என்ற பெயரில் ஒரு நிறுவனமே தொடங்கினார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மேலே ஜாக்கெட், கீழே பேன்ட் என்று இரண்டு துண்டாகத் தைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். ஜாக்கெட் இடுப்புக்குக் கீழே ஒரு சாண் இறங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் குனிந்தாலும் பொறி உள்ளே விழாது. பேன்ட்டின் கால்முனையை வெளிப்பக்கம் மடித்துவிடக் கூடாது, மேலே திறந்த பாக்கெட்டும் கூடாது. இரண்டும் பொறியைப் பிடித்துவைக்கும் கிண்ணங்கள். துணி முழுப் பருத்தியாக இருக்கட்டும்.

நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். பாதுகாப்புக்காக வழங்கும் பொருளுக்குத் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தின் பழைய வரலாறு சுவாரசியமானது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு, இயங்கும் இயந்திரத்தை ஆராயவும் எண்ணெய் இடவும் செல்பவர், நிர்வாகமே வழங்கும் உடலோடு ஒட்டிய உடையை அணிந்திருக்க வேண்டும் என்று சொன்னது. அதோடு, அவர் பயிற்சி பெற்ற வயதுவந்த ஆணாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. பெண் அந்த இயந்திரத்துக்கு எண்ணெய் இடவே கூடாது என்பது அதன் அடுத்த உட்பிரிவு. பொருந்துகிற உடை என்ற பேச்சு வந்த இடத்திலேயே பெண்ணை வெளியே நிறுத்திவிட்டார்கள். 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில், பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் பற்றிய புதிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஸ்டோர் ரூமில் அடுக்கியிருக்கும் ஓவரால்கள்தாம் இன்னும் பழைய சட்டத்தைப் படித்துக்கொண்டிருக்கின்றன.

கேள்வி: பெண்களுக்கென்றே வேலையுடை செய்து யாராவது வெற்றி பெற்றிருக்கிறார்களா?
(கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த சாரா கல்ஹூனின் கதை எனக்குப் பிடித்தது. காட்டுப் பாதைகளைச் சீர்படுத்தும் குழுக்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர், ஆண்களின் பேன்ட்டுகளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், 2006இல் ரெட் ஆன்ட்ஸ் பேன்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். செவ்வெறும்புப் புற்றில் வேலையெல்லாம் பெண் எறும்புகளுடையது என்பதுதான் பெயர்க் காரணம். ஆயிரம் பேர்கூட வசிக்காத ஒயிட் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில்தான் கடை. கனத்த கான்வாஸ் துணி, இரட்டை முழங்கால், கவட்டையில் கஸெட், நேர் உடல்வாகுக்கு ஒன்று, வளைந்த உடல்வாகுக்கு ஒன்று என இரண்டு வெட்டுகள். நான் கோவைச் சகோதரிக்குச் சொன்ன இரண்டு ஆசன அளவு இதேதான். அவரும் ஒரே ஒரு பேன்ட்டோடுதான் தொடங்கினார்.

இன்னும் பின்னால் போனால், ஜீன்ஸ் பேன்ட் பிறந்ததே ஒரு பெண் கேட்டதால்தான். நெவாடாவின் ரீனோ நகரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரரிடம், உழைப்பாளி ஒருவரின் மனைவி, தன் கணவருக்குக் கிழியாத பேன்ட் வேண்டும் என்று கேட்க, அவர் பாக்கெட் மூலைகளில் ரிவெட் என்ற செப்புச் சிற்றாணிகளை அடித்துக் கொடுத்தார். துணி வணிகர் லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து அதற்கு 1873 மே 20 அன்று காப்புரிமை பெற்றார். ஸ்ட்ராஸின் நிறுவனம் பெண்களுக்கென்று முதல் ஜீன்ஸைக் கொண்டுவந்தது 1934இல். கேட்டவள் பெண், அவள் வகைக்கு வந்து சேர அறுபத்தொரு ஆண்டுகள் ஆயின.

நம் ஊரில் யாரும் இதைச் செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். கட்டட வேலைக்குப் போகும் சித்தாள் பெண் புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். வெயிலுக்கும் சிமென்ட்டுக்கும் கை தப்பும், முந்தானை பறக்காது, மார்புப் பாக்கெட்டில் சில்லறை நிற்கும், கண்களுக்கும் ஒரு மறைப்பு. எந்த நிறுவனமும் விற்காமல் மாநிலம் முழுவதும் பரவிய வேலையுடை அது. தோள்பட்டை அளவு மட்டும்தான் இன்னும் அவர்களுடையதாகவில்லை.

கேள்வி: என் மருமகள் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்ட் அடிக்கிறாள். பேன்ட் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக் கூச்சப்படுகிறாள். இதற்கு என்ன செய்வது?
(மாமியார் ஒருவர், நாமக்கல்)

பதில்: இதைக் கேட்கும் மாமியார் வாய்த்தது அவருடைய பாக்கியம். முழங்காலுக்கு நான்கு விரல் மேலே நிற்கும்படியான நீளச் சட்டை, பக்கவாட்டில் இரண்டு வெட்டு, கழுத்துவரை மூடிய பட்டி. அதைப் பேன்ட்டுக்கு மேல் போட்டால் தெருவில் சுடிதார்போலத்தான் தெரியும். வேலை நேரத்தில் முனைகளை உள்ளே செருகிக்கொள்ளலாம். துப்பட்டா மட்டும் பட்டறை வாசலோடு நின்றுவிட வேண்டும்.

கேள்வி: பெண்களுக்கான வேலையுடை என்றால் ரோஜா நிறத்தில் செய்தால் விற்பனை கூடுமல்லவா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: கிரீஸ் படிந்த ரோஜா நிறத்தை நீங்கள் ஒருமுறை துவைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: கடன், வரி, பெயர்ப் பதிவு பற்றியும் சொல்லுங்கள். என் சின்னத்தைப் பெட்டியில் வைக்கச் சொல்வீர்கள் என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.
(முதல் கடிதத்தின் பின்குறிப்பு, கணபதி, கோவை)

பதில்: சிறு, குறுந்தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, ஆதாரும் பான் அட்டையும் போதும். அதற்காகப் பணம் கேட்கும் இடைத்தரகரை அனுப்பிவிடுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், 2022இல் உயர்த்திய வரம்பின்படி, உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலான திட்டச் செலவை ஏற்கிறார்கள். பெண்கள் தம் பங்காக 5 சதவீதம் போட்டால் போதும். மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். விண்ணப்பத்துக்கு முன் மாவட்டத் தொழில் மையத்தில் இப்போதைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இருபது கால்சட்டைகள் திரும்பி வருமுன் கடன் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

விலைக்கு ஓர் உதாரணக் கணக்கு. துணி 300, நூல், ஜிப், பித்தான், லேபிள் 60, வெட்டுக்கும் தையலுக்கும் 150, கழிவுக்கும் பழுதான உருப்படிக்கும் 40 என்று வைத்துக்கொண்டால் அடக்கம் 550 ரூபாய். இதை 700க்கு விற்றால் லாபம் என்று தோன்றும். கடைக்காரர் பங்கும், பொருந்தாமல் திரும்பி வரும் உருப்படிகளும், உங்கள் உழைப்பும் அதில் அடங்காது. 1,000 ரூபாய்க்குக் கீழே போகாதீர்கள். ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொருள் விற்பவருக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை, பதிவு செய்தால், 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்குட்பட்ட ஆடைக்கு வரி 5 சதவீதம்.

பெயரைப் பற்றிய உங்கள் தவிப்பு புரிகிறது. தனிநபராக வணிகச் சின்னத்துக்கு இணையவழியே விண்ணப்பிக்க ஒரு வகைக்கு 4,500 ரூபாய் கட்டணம். உடை 25ஆம் வகுப்பில் வரும். நெருப்பிலிருந்தும் விபத்திலிருந்தும் காக்கும் பாதுகாப்பு உடை 9ஆம் வகுப்பில் வரும். உங்கள் கால்சட்டைக்கு இப்போது 25 போதும். வெல்டர் பெண்ணுக்குத் தைக்கத் தொடங்கும் அன்று 9க்கும் சேர்த்து விண்ணப்பித்துக்கொள்ளலாம்.